அங்கத்தினர் காலமானால் குடும்பத்தார் செய்யவேண்டிய காரியங்கள்

(கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



நல்ல நாள் பார்த்துக் கூடியிருக்கும் இச்சபையில் மரணத்தைப் பற்றிப் பேசுவது தகுமா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கக்கூடும். வரும் வழியில் தலைவர் அவர்களும், "வேறு விஷயம் ஏதும் அகப்படவில்லையா?" என்று என்னைக் கேட்டார்கள். எருவைப் பற்றியும், விதையைப் பற்றியும், தவணை தவறாமல் கடன் கட்டுவதைப் பற்றியும் நீங்கள் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றையெல்லாம் விட்டு இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உங்கள் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேடே ஆகும்.

அப்பதிவேட்டில் ஒவ்வோர் அங்கத்தினர் பெயருக்கும் எதிரே, அவர் இறந்தால் சங்கத்திலுள்ள அவர் தொகையை யாரிடம் கொடுக்கவேண்டும் என்பதைக் குறிக்க ஒரு பத்தி உண்டு. நாமினி என்று நாம் வழங்குவது அதைத்தான். தணிக்கையின்போது அந்தப் பத்தியை ஏடு ஏடாகப் புரட்டிப் பார்த்தேன். பல பெயர்களுக்கு எதிரே அது வெறுமையாக இருந்தது. சில இடங்களில் பெயர் இருந்தது. ஆனால் அப்பெயருக்கு உரியவர் இவ்வுலகில் இல்லை. தலைவர் அவர்களுடைய அனுமதியின் பேரில் சொல்லுகிறேன்: அவர்களுடைய பத்தியிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காலஞ்சென்ற அவர்கள் தகப்பனாரின் பெயரே நிற்கிறது.

இதில் என்ன கஷ்டம் நேர்ந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லுகிறேன். நான் இந்த உத்தியோகத்தில் அமர்ந்த இரண்டாம் ஆண்டு. என் சரகத்திலிருந்த ஒரு சங்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த அங்கத்தினர் ஒருவர் திடீரென்று காலமானார். சங்கத்தில் அவருக்குப் பங்குத் தொகை 1,000 ரூபாயும், டிபாசிட்டு 18,400 ரூபாயும் இருந்தன. நாமினி பத்தியில் அவருடைய தாயார் பெயர் இருந்தது. அத்தாயாரோ மகனுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தச் சகோதரி பள்ளியில் படிக்கும் தம் பெண்ணை அழைத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். காரியதரிசி பயந்தவர், என்னைக் கேட்டு எழுதினார். நானும் சட்டப் புத்தகத்தை முழுவதும் பாராமல், "சிவில் கோர்ட்டாரின் வாரிசுச் சான்று கொண்டுவந்தாலன்றித் தொகை கொடுக்கலாகாது" என்று இரண்டே வரியில் பதில் அனுப்பிவிட்டேன்.

அந்த அம்மாள் தாலூக்கா தலைநகரத்திற்குப் பதினான்கு மாதம் நடந்தார். வக்கீல் கூலி, கோர்ட்டுக் கட்டணம், பத்திரிகை விளம்பரம், பஸ் கூலி, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி நஷ்டம் ஆகிய எல்லாம் சேர்ந்து வரவேண்டிய தொகையில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. பணம் தேவைப்பட்ட வேளையில் பெண்ணின் படிப்பு நின்றது. பிறகுதான் ஒரு மேலதிகாரி எனக்கு எடுத்துக் காட்டினார். நாமினி இல்லாவிடில், வாரிசு என்று தங்களுக்குத் தோன்றும் நபருக்கு நிர்வாகக் கமிட்டியார் இறந்தவரின் பங்கைக் கொடுக்கலாம் என்னும் ஏற்பாடு 1912-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்திலேயே, 22-ஆம் பிரிவில், இருந்தது. அக்கருத்து நம் இலாகாவுக்குப் புதியதன்று. டிபாசிட்டையும், தாசில்தாரின் வாரிசுச் சான்றையும் நஷ்ட உத்தரவாதப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு, தகராறு எதுவும் இல்லை என்று தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கலாம். துணைவிதிகளைப் பார்த்து அந்த வழி உண்டா என்று நான் தேடவே இல்லை. கோர்ட்டுக்குப் போ என்று சொல்லுவது உத்தியோகஸ்தனுக்குப் பத்திரமான பதில். கேட்டவருக்கு அது எவ்வளவு செலவு என்பதை அப்பொழுது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகையால் எந்தப் பொருளுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்பதைத்தான் இன்று முக்கியமாய்ச் சொல்ல உத்தேசம். எல்லாவற்றிற்கும் கோர்ட்டு வேண்டியதில்லை. சிலவற்றிற்குக் கோர்ட்டின்றி முடியாது. இவ்விரண்டையும் மாற்றி எண்ணுவதனால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, மரணப் பதிவு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணம் நிகழ்ந்த 21 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். வீட்டில் நேர்ந்த மரணமானால் கிராம நிர்வாக அலுவலரிடமும், ஆஸ்பத்திரியில் நேர்ந்ததானால் ஆஸ்பத்திரியார் மூலமும் பதிவாகும். நாள் கடந்தால் அபராதக் கட்டணம். ஓராண்டு கடந்தால் மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவு வரை போகவேண்டியிருக்கும். துக்கத்தில் இருக்கும் வீட்டார் இதை நினைக்கமாட்டார்கள். பங்காளிகளில் ஒருவரோ, சங்கத்துப் பக்கத்து வீட்டு அங்கத்தினரோ இதைக் கவனித்தால் பெரிய உபகாரம். பதியும்போது பெயரை ஆதார் அட்டையிலும் சங்க ஏட்டிலும் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஊரில் அழைக்கும் பெயர் ஒன்று, பட்டாவிலுள்ள பெயர் ஒன்று, பாங்கிப் புத்தகத்திலுள்ள பெயர் ஒன்று என்று மூன்று பெயரோடு வாழ்ந்தவர்கள் நம்மில் பலர். இருக்கும்போது அது தொந்தரவில்லை. இறந்தபின் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க மனைவி மக்கள் அலையவேண்டியதாகிறது.

இரண்டாவது, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று. இதற்கு இப்பொழுது இ-சேவை மையத்தின் மூலமே மனுச் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் இன்ஸ்பெக்டரும் விசாரிப்பார்கள். இறந்தவருக்கு இன்னார் இன்னார் வாரிசுகள் என்று காட்டுவது மட்டுமே இதன் வேலை. யாருக்கு எவ்வளவு பாகம் என்றோ, சொத்து இன்னாருடையது என்றோ அது தீர்மானிப்பதில்லை. பட்டா மாற்றத்திற்கும், சிறு தொகைகளைப் பெறுவதற்கும் பெரும்பாலும் இதுவே போதும். வாரிசுகளுக்குள் தகராறு எழுந்தால் தாசில்தார் நிறுத்திவிடுவார்; அப்பொழுது சிவில் கோர்ட்டைத் தவிர வேறு வழி இல்லை.

இந்தச் சான்றில் நம் கிராமங்களில் நடக்கும் ஓர் அநியாயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி அவள் பெயர் எதற்கு?" என்று பெண்மக்களின் பெயரை விட்டுவிட்டு மனு எழுதுகிறார்கள். இது பொய் மனு. 1956-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஓர் ஆண்மகனின் சொந்தச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மகன், மகள், மனைவி, தாய் ஆகிய ஒவ்வொருவருக்கும் சரிபாகம். மகள் மணமானவளா, ஆகாதவளா என்னும் வித்தியாசம் இல்லை. ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள் ஆகியோரை விட்டு இறந்தால், சொத்தை ஐந்து பங்காக்கி ஆளுக்கு ஒன்று. முன்னரே இறந்த மகனுக்கோ மகளுக்கோ பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தம் தகப்பன் அல்லது தாயின் பாகத்தைப் பெறுவார்கள். இறந்தவருடைய தகப்பனார் இவ்வகுப்பில் இல்லை என்பது கேட்பவர் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தாயார் இருக்கிறார், தகப்பனார் இல்லை.

பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்திலும் பெண்மக்களுக்கு இடம் உண்டாகிவிட்டது. நம் ராஜ்யத்தில் 1989 மார்ச்சு 25 முதல் அன்று மணமாகாதிருந்த பெண்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் தேசம் முழுவதும் எல்லாப் பெண்களுக்கும், பிறப்பினாலேயே மகனுக்கு உள்ள உரிமை வந்தது. அத்தேதியில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும், வேண்டியதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்த்துவிட்டனர். கணவனை இழந்த பெண்ணுக்கு 1937-ஆம் ஆண்டுச் சட்டம் மகனுக்குச் சமமான பாகத்தைக் கொடுத்தது. ஆயினும் அவள் ஆயுள் வரை அனுபவிப்பதற்கு மட்டுமே. 1956-இல் அக்கட்டு நீங்கி அவளுக்குப் பூரண உரிமை வந்தது. "விதவைக்குச் சோறும் துணியும்தான்" என்று சொல்லும் பெரியவர்கள் அதற்கும் முந்திய காலத்துச் சட்டத்தையே பேசுகிறார்கள். மகள் தன் பாகம் வேண்டாம் என்று மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் கொடுக்கட்டும். நிலம் வீட்டைப் பொறுத்தவரை அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்யவேண்டும். பந்தலடியில் நின்று தலையசைத்தது பத்திரமாகாது.

இஸ்லாமியச் சகோதரர்களுக்கு ஷரியத்தின்படியும், கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுச் சட்டப்படியும் பாகங்கள் ஏற்படுகின்றன. கிறிஸ்தவருக்கு மனைவியும் மக்களும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மக்களுக்கு மூன்றில் இரண்டு. இரண்டு மனைவி கட்டியவர்களின் வீட்டு விஷயமும் சங்கத்துக்கு அடிக்கடி வரும். முதல் மனைவி உயிரோடிருக்கையில் ஹிந்து ஒருவர் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் செய்துகொண்ட இரண்டாவது விவாகம் செல்லாது. ஆயினும் அவ்விவாகத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. குழந்தைகள் செய்த பிழை ஒன்றுமில்லையல்லவா?

இனி நாமினிக்கு வருவோம். சபையில் இருப்பவர்கள் நன்றாய்க் காது கொடுத்துக் கேட்கவேண்டிய இடம் இது. நாமினி என்பவர் வாரிசு அல்லர். சங்கமோ பாங்கியோ யாரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பைத் தீர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு ஏற்பட்ட கைதான் நாமினி. பெற்ற தொகையை அவர் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டியவர். ஆயுள் இன்ஷூரன்ஸைப் பற்றிய ஒரு வழக்கில் 1983-இல் சுப்ரீம் கோர்ட்டார் இவ்வாறு சொன்னார்கள்; இன்ஷூரன்ஸ் சட்டம் மட்டும் 2015-இல் திருத்தப்பட்டு, மனைவி மக்கள் பெற்றோரை நாமினியாக எழுதியிருந்தால் வேறு விதி சொல்லுகிறது. மேற்கு வங்காளத்தின் கூட்டுறவு வீட்டுச் சங்கமொன்றின் வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பு நம்மவர்க்கு மிகவும் உபயோகமானது. சங்கம் நாமினியின் பெயருக்கே மாற்றிக் கொடுக்கவேண்டும், ஆனால் மற்றக் குடும்பத்தார் தங்கள் உரிமையைத் தனியே நிலைநாட்டிக்கொள்ளத் தடையில்லை என்பதே அது. கம்பெனிப் பங்குகளுக்கும் நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று 2023-இல் தீர்ப்பாயிற்று.

இதன் பயன் யாது? மணமாகுமுன் தமையன் பெயரை எழுதியவர், மணமாகி மூன்று குழந்தைகள் பெற்றபின்னும் அதை மாற்றாமல் போனால், சங்கம் பணத்தைத் தமையனிடம் கொடுத்துவிடும். சங்கத்தின் பேரில் தவறு சொல்ல முடியாது. தமையன் நல்லவரானால் மறுநாளே தம்பி மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். நல்லவர் அல்லாதவரானால், சட்டம் அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தும், அவள் வழக்குப் போட்டல்லவா அதை வாங்கவேண்டும்? ஆகவே நாமினியையும் வாரிசையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுதல் புத்திசாலித்தனம். பாங்கிக் கணக்குகளில் 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நாமினியாக எழுதலாம் என்று ஏற்பட்டிருக்கிறது.

நாமினி இல்லாத பாங்கிக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு பிறப்பித்தது. கூட்டுறவு பாங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரையிலும், மற்ற பாங்கிகளில் 15 லட்சம் வரையிலும், உயிலோ தகராறோ இல்லாதபோது, கோர்ட்டுச் சான்று கேளாமல் எளிய முறையில் வாரிசுகளுக்குக் கொடுக்கவேண்டும். காகிதங்கள் முழுவதும் வந்த 15 நாட்களுக்குள் தீர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். ஜில்லா மத்தியக் கூட்டுறவு பாங்கி இதற்கு உட்பட்டது. நம் கிராமச் சங்கம் நேராக உட்பட்டதன்று. ஆயினும் மத்திய பாங்கி 15 நாளில் செய்வதைக் கிராமச் சங்கம் பதினைந்து மாதத்தில் செய்வதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. பாஸ் புத்தகத்தில் ஆண்டுதோறும் மே மாதத்தில் 436 ரூபாயோ 20 ரூபாயோ கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னது எவ்வித மரணத்துக்கும், பின்னது விபத்து மரணத்துக்கும், தலைக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும் சர்க்கார் இன்ஷூரன்ஸ். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுவிட்ட குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் கோர்ட்டுக்கு எப்பொழுது போகவேண்டும்? பெருந்தொகையான டிபாசிட்டு, கடன் பத்திரம், பிறரிடம் இறந்தவர்க்கு வரவேண்டிய கடன் ஆகியவற்றை வசூலிக்க, நாமினியும் இல்லாமல், கொடுப்பவரும் பிடிவாதமாய் நின்றால், 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரிசுரிமைச் சான்று பெறவேண்டும். இறந்தவர் வழக்கமாய் வசித்த இடத்துக்குரிய ஜில்லா கோர்ட்டிலோ, அதிகாரம் பெற்ற கீழ்க்கோர்ட்டிலோ மனுச் செய்வது. மனுவில் இறந்த நாள், வசித்த இடம், உறவினர் யாவரும், வசூலிக்கவேண்டிய ஒவ்வொரு தொகையும் காட்டப்படவேண்டும். ஒரு டிபாசிட்டை மறந்துவிட்டால் பின்னர் அதற்காக மறுபடியும் மனு. ஆகவே வக்கீலிடம் போகுமுன் பெட்டியிலுள்ள எல்லா ரசீதுகளையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். இந்தச் சான்று நிலத்துக்கு அன்று. கடன்களுக்கும் பத்திரங்களுக்கும் மட்டுமே. நிலத்துக்கு வாரிசுரிமைச் சான்று வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

உயில் இருக்கும் வீடுகளில் புரொபேட்டு என்னும் சொல்லைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். இறந்தவர் எழுதிய உயில் இதுதான், இது மெய்யானது என்று கோர்ட்டார் விசாரித்து, அதன் நகலுடன் முத்திரையிட்டுத் தருவதே புரொபேட்டு. உயிலில் நிர்வாகியாகக் குறிக்கப்பட்டவர்தாம் அதைப் பெறலாம். மரணத்திலிருந்து 7 நாள் கழிந்த பின்னரே அது வழங்கப்படும். நிர்வாகி பெயர் இல்லாத உயிலுக்கு, உயிலை இணைத்து நிர்வாகப் பத்திரம் பெறவேண்டும். சென்னை, பம்பாய், கல்கத்தா நகர எல்லைக்குள் எழுதப்பட்ட அல்லது அங்குள்ள வீடு நிலத்தைப் பற்றிய ஹிந்துக்களின் உயிலுக்குப் புரொபேட்டு இன்றி உரிமை கொண்டாட முடியாது என்று சட்டத்தின் 213-ஆம் பிரிவு விதித்து வந்தது. 2025 டிசம்பரில் பார்லிமெண்டார் அப்பிரிவையே எடுத்துவிட்டனர். நம் கிராமத்து நிலத்தைப் பற்றிக் கிராமத்திலேயே எழுதிய ஹிந்துவின் உயிலுக்கு அந்தக் கட்டாயம் முன்பும் இல்லை. உயிலின் பேரில் யாராவது சந்தேகம் கிளப்பினால், அப்பொழுது விரும்பிக் கோர்ட்டுக்குப் போய் உயிலை உறுதிசெய்துகொள்வது நல்லது.

உயில் எழுதுவதற்கு முத்திரைக் காகிதம் வேண்டாம். வெள்ளைக் காகிதம் போதும். எழுதியவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்கவேண்டும். சாட்சிகள் இருவர், அவர் கையெழுத்திட்டதைக் கண்டு, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திடவேண்டும். இந்தச் சாட்சி விஷயத்தில்தான் உயில்கள் விழுகின்றன. உயிலை எழுதி வைத்துவிட்டுச் சாட்சிகளின் வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவது வீண் வேலை. சாட்சிகள் வயதில் இளையவர்களாகவும், உயிலால் பயன் பெறாதவர்களாகவும் இருக்கட்டும். கோர்ட்டில் அவர்களில் ஒருவரேனும் வந்து சொல்லவேண்டியிருக்கும். ரிஜிஸ்டர் செய்வது கட்டாயமன்று, செய்தால் நன்மை. இஸ்லாமியர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி, உயில் எழுத இயலாது.

கடனைப் பற்றி எல்லோரும் கேட்பீர்கள் என்று அறிவேன். இறந்தவர் சங்கத்தில் வாங்கிய கடன் அவரோடு போய்விடுவதில்லை. ஆனால் வாரிசு அதற்குப் பொறுப்பாவது, இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான். மகன் சொந்தமாய்ச் சம்பாதித்த மாட்டையும் வண்டியையும் தகப்பன் கடனுக்காகப் பிடிக்க முடியாது. தகப்பன் கடனை அடைப்பது மகனின் தர்மக் கடமை என்னும் பழைய நியாயத்தைக் காட்டி, 2005 செப்டம்பர் 9-க்குப் பின் வாங்கிய கடனுக்கு மகன் பேரில் கோர்ட்டார் டிக்ரி கொடுக்கலாகாது என்று திருத்தச் சட்டமே சொல்லுகிறது. ஜாமீன் நின்றவர் விஷயம் வேறு. கடன் வாங்கியவர் இறந்தார் என்பதற்காக ஜாமீன்தாரரின் பொறுப்பு நீங்குவதில்லை. ஆகையால் ஜாமீன் நின்றவர்களே முன்வந்து, சாவு வீட்டாரோடு கலந்து, சங்கத்தில் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். மைனர் குழந்தைகளின் பாகத்திலுள்ள நிலத்தை விற்றுக் கடனைத் தீர்த்துவிடலாம் என்று தாயார் அவசரப்பட வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் மைனர் பாதுகாப்புச் சட்டப்படி, கோர்ட்டாரின் உத்தரவின்றி அவ்விற்பனை பின்னால் ரத்தாகக்கூடியது, வாங்கியவனும் கஷ்டப்படுவான்.

நகைக் கடன் ஒன்றை மட்டும் தனியாய்ச் சொல்லவேண்டும். சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கும் நகைகளில் பெரும்பாலானவை வீட்டுப் பெண்களுடையவை. அடகு வைப்பவரோ கணவன். ஏட்டில் இருப்பது கணவன் பெயர். அவர் இறந்தால், தன் தாய் வீட்டில் போட்ட சங்கிலியைத் திருப்ப மனைவி வந்து நிற்கும்போது, அச்சங்கிலி கணவனுடைய சொத்தாகவே சங்கத்தாருக்குத் தோன்றும். மாமியாரும், கொழுந்தனாரும், ஏன், அவள் மகனுமே கையெழுத்திட்டாலன்றிக் கொடுக்கத் தயங்குவார்கள். "இது என் அம்மா போட்ட நகை" என்று அவள் சொன்னால், அதற்குச் சாட்சி யார்? இப்படி ஒரு மூன்று பவுன் சங்கிலி, வட்டி ஏறி ஏறி, கடைசியில் ஏலத்துக்குப் போகும் நிலையில், கொழுந்தனார் மனமிரங்கிக் கையெழுத்திட்டதை நான் நேரில் பார்த்தேன். அதுவரை அவர் கையெழுத்திடாமல் இருந்ததற்குக் காரணம் வேறொரு வரப்புச் சண்டை! ஆகவே நகைக்கு உரியவர் எவரோ அவர் பெயராலேயே அடகு வையுங்கள். அதற்கு அவர் சங்கத்தில் அங்கத்தினராக இருக்கவேண்டும். பங்குத் தொகை கட்டி அங்கத்தினராவதற்குப் பெண்களுக்குத் தடை ஏதுமில்லை. இன்று இங்கே வாசற்படிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகள் உள்ளே வந்து உட்காரவேண்டும் என்பதும் என் விண்ணப்பம்.

நிர்வாகக் கமிட்டியாருக்கு ஒரு சொல். மரணச் செய்தி வந்தவுடன் அந்த அங்கத்தினரின் பங்கு, டிபாசிட்டு, கடன், நகை ஆகியவற்றை ஒரே காகிதத்தில் எழுதி, வேண்டிய தஸ்தாவேஜுகள் இன்னவை என்றும் குறித்து, குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு முறை வந்தால் ஒன்று, மறுமுறை வந்தால் வேறொன்று என்று கேட்பதுதான் ஜனங்களை அலைக்கழிக்கிறது. நாமினியும் வாரிசுகளும் ஒன்றாயிருந்து, தகராறு இல்லாவிட்டால், கோர்ட்டுக் காகிதம் கேளாதீர்கள். சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். இம்முறை இரண்டு வரியில் பதில் அனுப்பமாட்டேன்.

நாமினி பாரங்கள் நூறு அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். காரியதரிசியின் மேஜைமேல் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். கைரேகை வைப்பவர்கள் இரண்டு சாட்சிகளுடன் வாருங்கள். மைனர் பெயரை எழுதுபவர்கள், அவருக்காகத் தொகையைப் பெற்றுக்கொள்ள வேண்டிய பெரியவர் ஒருவர் பெயரையும் எழுதவேண்டும். யார் பெயரை எழுதினீர்கள் என்பதைக் காரியதரிசி வெளியில் சொல்லமாட்டார். அதை அவரிடம் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறேன். பாரத்தைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ரசீது வாங்கி, வீட்டில் பட்டாவும் ரேஷன் கார்டும் வைத்திருக்கும் இடத்திலேயே வைத்து, அந்த இடத்தை மனைவிக்கும் தெரிவித்துவிடுங்கள். தலைவர் அவர்கள் முதல் பாரத்தை வாங்கிக்கொண்டு, தம் சம்சாரத்தின் பெயரை ஆதாரில் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டுவர ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆள் திரும்பும்வரை மற்றவர்கள் வரிசையாய் வரலாம்.